நாட்டைக் கொடுத்தார்; சத்திரத்தைக் கொடுக்கவில்லை!

ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டிய சரபோஜி மகாராஜாவின் கதை

தஞ்சாவூரில் இருந்து பட்டுக்கோட்டைக்குப் போகும் சாலையில், சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது ஒரத்தநாடு.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்த வழியாக ரெயிலும் கிடையாது, பஸ்சும் கிடையாது. காசியில் இருந்து ராமேசுவரத்துக்குப் போகிறவர்கள் கால்நடையாகவே போனார்கள். மாதக்கணக்கில் நடந்தார்கள். கையில் ஒரு செம்பு. தோளில் ஒரு மூட்டை. அவ்வளவுதான்!

அப்படி நடந்து வந்தவர்கள் ஒரத்தநாட்டை அடைந்ததும் அவர்களுக்குக் கவலை விட்டது. அங்கே குளிக்கத் தண்ணீர் உண்டு. படுக்கத் திண்ணை உண்டு. பசிக்குச் சோறு உண்டு. காய்ச்சல் என்றால் மருந்தும் உண்டு. எதற்கும் காசு கிடையாது.

அந்த இடத்துக்குப் பெயர் முக்தாம்பாள் சத்திரம்.

சத்திரத்தைக் கட்டியவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. கட்டி முடித்தபோது அவர் பெயருக்குத்தான் ராஜா. நாட்டின் ஆட்சி அவர் கையை விட்டுப் போயிருந்தது!

நாட்டைக் கொடுத்த ராஜா, சத்திரத்தை மட்டும் ஏன் பிடித்துக் கொண்டிருந்தார்? அதற்கு அவருடைய இளமைக் காலத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

பஞ்சத்தில் வளர்ந்த பிள்ளை

சரபோஜி பிறந்தது 1777-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி.

அவருக்கு நாலு வயது நடந்தபோது, 1781-ம் ஆண்டில், ஐதர் அலியின் படை தஞ்சைச் சீமைக்குள் புகுந்தது. பொன் விளையும் பூமி பாழாயிற்று. வயல்கள் கருகின. ஆடு மாடுகள் கொள்ளை போயின. ஊரை விட்டு ஓடியவர்கள் பலர். பசியால் மாண்டவர்களும் பலர். சோழ நாடு சோறுடைத்து என்று பேர் வாங்கிய சீமையில், ஒரு பிடி சோற்றுக்கு ஜனங்கள் தவித்தார்கள்.

அப்போது தஞ்சையில் சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் இருந்தார். அவருக்குத் தமிழும் மராத்தியும் நன்றாகத் தெரியும். அவர் வாக்குக் கொடுத்தால் தவறமாட்டார் என்பது ஊர் அறிந்த சேதி. கோட்டைக்குள் நெல் இல்லாதபோது, சர்க்காரை நம்பி நெல் கொடுக்க யாரும் முன்வரவில்லை. பாதிரியார் பொறுப்பு ஏற்றதும் குடியானவர்கள் நெல்லைக் கொண்டு வந்து கொட்டினார்கள். பசித்தவர்களுக்கு அவர் சோறு போட்டார்.

இந்தப் பாதிரியார்தான் பின்னால் சரபோஜியின் குருவாக வந்தார்.

அரண்மனைக்கு வந்தது எப்படி?

அப்போது தஞ்சையை ஆண்டவர் துளஜா மகாராஜா. அவருடைய பிள்ளைகள் எல்லாம் இறந்து போனார்கள். வாரிசு இல்லை. உடம்பும் தளர்ந்துவிட்டது.

தம் போன்ஸ்லே குலத்திலேயே ஒரு பிள்ளையைத் தேடி 1787-ம் ஆண்டில் தத்து எடுத்துக் கொண்டார். அந்தப் பிள்ளைதான் சரபோஜி. அப்போது அவருக்கு வயது 9.

தத்து எடுத்த கையோடு துளஜா மகாராஜா சுவார்ட்சை அழைத்தார். பிள்ளையின் கையை அவரிடம் பிடித்துக் கொடுத்தார். பிள்ளைக்கு நீங்களே காவலாக இருக்க வேண்டும் என்று வேண்டினார்.

பாதிரியார் தயங்கினார். ராஜ்ய பாரத்தைச் சுமப்பது தம் வேலை அல்ல என்று நினைத்தார். மகாராஜாவின் தம்பி அமர்சிங் இருக்கிறாரே, பிள்ளை பெரியவனாகும்வரை அவர் பார்த்துக் கொள்ளட்டும் என்று யோசனை சொன்னார். நல்ல எண்ணத்தில் சொன்ன யோசனைதான். ஆனால் அதுவே பிள்ளைக்கு வினையாக முடிந்தது!

இருட்டு அறையில் இளவரசன்

துளஜா மகாராஜா கண்ணை மூடினார். காவலாக இருக்க வந்த அமர்சிங்கே சிம்மாசனத்தில் ஏறிக் கொண்டார்.

தத்து செல்லாது என்று சாஸ்திரிகள் சிலர் தீர்ப்புச் சொன்னார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியும் அதை ஒப்புக்கொண்டது. அந்தக் கம்பெனியைத்தான் நம் ஜனங்கள் கும்பினி என்பார்கள்.

சிறுவன் சரபோஜி அரண்மனையில் ஓர் அறையில் அடைக்கப்பட்டான். வெளிச்சம் வராத அறை. படிப்பு இல்லை, விளையாட்டு இல்லை, பேசுவதற்கு ஆளும் இல்லை. ராஜா வீட்டுப் பிள்ளை கைதியைப்போல் வளர்ந்தான்.

சேதி பாதிரியாருக்கு எட்டியது. அவர் சும்மா இருக்கவில்லை. சென்னையில் இருந்த கும்பினிக் கவர்னருக்கு எழுதினார். திரும்பத் திரும்ப எழுதினார். அதன் பிறகுதான் பிள்ளைக்குக் காவல் போடப்பட்டது.

1793-ம் ஆண்டில் சரபோஜியையும், துளஜா மகாராஜாவின் விதவை ராணிகளையும் சென்னைக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஜெரிக்கே என்ற இன்னொரு பாதிரியாரிடம் சரபோஜி கல்வி கற்றார். இருட்டில் இருந்த பிள்ளைக்குப் புத்தகம் கிடைத்தது. அதன்பின் சாகும்வரை அவர் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

இதற்கிடையே வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்தது. தத்து செல்லும் என்று முடிவாயிற்று. 1798-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி சரபோஜி தஞ்சை சிம்மாசனத்தில் அமர்ந்தார். அமர்சிங்குக்குப் பென்ஷன் கொடுத்துத் திருவிடைமருதூருக்கு அனுப்பினார்கள்.

அந்த நாளைக் காணச் சுவார்ட்ஸ் உயிரோடு இல்லை. அதே ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி அவர் காலமாகிவிட்டார். சரபோஜி தம் குருவுக்காக லண்டனில் பிளாக்ஸ்மன் என்ற சிற்பியைக் கொண்டு பளிங்குச் சிற்பம் செய்வித்தார். படுக்கையில் கிடக்கும் குருவின் கையை மகாராஜா பிடித்துக் கொண்டு நிற்கும் அந்தச் சிற்பம் தஞ்சாவூர் தேவாலயத்தில் இருக்கிறது.

குரு கிறிஸ்தவர், சிஷ்யர் தம் இந்து சமயத்தில் கடைசி வரை உறுதியாக நின்றவர். இருவருக்கும் இடையே இருந்த அன்புக்கு அது தடையாக இருக்கவில்லை.

ஒரு கையெழுத்தில் போன ராஜ்யம்

சிம்மாசனம் கிடைத்தது. ஆனால் அதற்கு விலை இருந்தது!

பட்டத்துக்கு வந்து 16 மாதம்தான் ஆகியிருந்தது. 1799-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி கும்பினியோடு ஓர் உடன்படிக்கை. அதன்படி தஞ்சைச் சீமையின் நிர்வாகம் முழுவதும் கும்பினிக்குப் போயிற்று. வரி வசூல் கும்பினிக்கு. நீதி மன்றம் கும்பினிக்கு. காவல் கும்பினிக்கு.

மகாராஜாவுக்கு மிஞ்சியது என்ன? தஞ்சைக் கோட்டையும் அதைச் சுற்றிய சிறு பகுதியும்; ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகன் பணம்; நிலவரியின் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் காவிரியின் கடைசி வாய்க்கால்வரை பரந்து கிடந்த நெல் வயல்களில் ஒரு மடையைத் திறக்கச் சொல்லவும் அவருக்கு அதிகாரம் இல்லை!

அப்போது அவருக்கு வயது 22.

தர்ம ராஜ்யம்

தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் போகும் வழியெல்லாம் அன்ன சத்திரங்கள் கட்டி வைத்திருந்தார்கள். பல சத்திரங்களுக்கு அரண்மனைப் பெண்மணிகளின் பெயர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரம். கடற்கரை ஓரத்தில் சேதுபாவாசத்திரம் என்று ஓர் ஊரின் பெயரே சத்திரத்தால் வந்தது.

ஒவ்வொரு சத்திரத்துக்கும் கிராமங்களை மானியமாக விட்டிருந்தார்கள். வயலில் விளைந்த நெல் சத்திரத்து அடுப்புக்கு வந்தது. காவிரித் தண்ணீர் பயிராகி, பயிர் நெல்லாகி, நெல் வழிப்போக்கனின் இலையில் சோறாயிற்று.

கும்பினி நாட்டை எடுத்துக் கொண்டதும் இந்தச் சத்திரங்களின் கதி என்ன? கும்பினி வியாபாரக் கணக்குப் பார்க்கிற கும்பினி. செலவைக் குறைக்க வேண்டும் என்று அது நினைத்தால், முதலில் அணைவது சத்திரத்து அடுப்பாகத்தான் இருக்கும்!

சரபோஜிக்கு இந்தக் கவலை வந்துவிட்டது. 1801-ம் ஆண்டு ஜனவரி மாதம், தஞ்சையில் இருந்த கும்பினி ரெசிடெண்டு பெஞ்சமின் டோரினுக்கு அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதத்தில் அவர் படை கேட்கவில்லை, பட்டம் கேட்கவில்லை. சத்திரங்களை விட்டு வைக்க வேண்டும் என்று கேட்டார். அவற்றில் என்னென்ன நடக்கிறது என்பதைக் கணக்குப் பிள்ளை எழுதுவதுபோல ஒன்று விடாமல் எழுதினார்.

கடிதத்தில் என்ன இருந்தது?

தேசத்தின் எல்லாப் பக்கங்களில் இருந்தும் வரும் யாத்திரிகர்களுக்குச் சத்திரத்தில் சாப்பாடு. உயர்ந்த சாதி என்றும் தாழ்ந்த சாதி என்றும் சொல்லப்பட்ட எல்லாருக்கும் உணவு உண்டு. சமைத்த சோறு சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும் கொடுக்கப்படும்.

சோறு போடுவது நடுராத்திரி வரை நடக்கும். கடைசியில் ஒரு மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்பதற்கு அந்த மணிதான் அழைப்பு. அந்த மணி ஓசை கேட்டு, இருட்டில் நடந்து வந்த எத்தனையோ பேர் பசி ஆறினார்கள்.

கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. கர்ப்பிணிப் பெண் யாத்திரை வழியில் பிரசவித்தால், செலவு சத்திரத்தைச் சேர்ந்தது. பிரசவம் ஆகி மூன்று மாதம்வரை அவளுக்கு மருந்தும் ஆகாரமும் கிடைக்கும்.

நோயாளிகளைப் பார்க்க வைத்தியர்கள். பாம்புக் கடிக்கும் விஷக் கடிக்கும் மருந்து கொடுக்கத் தனியே தெரிந்தவர்கள். யாத்திரிகன் இறந்து போனால், அவனவன் குல வழக்கப்படி காரியம் செய்து அடக்கம் செய்வார்கள்.

பெற்றோரை இழந்த பிள்ளைகள் சத்திரத்து வாத்தியாரிடம் ஒப்படைக்கப்படுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மூன்று வேளை சாப்பாடு. நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய்க் குளியல்!

நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய் தேய்ப்பதையெல்லாம் ஒரு ராஜா அரசாங்கக் கடிதத்தில் எழுதுவாரா? சரபோஜி எழுதினார். தாய் தந்தை இல்லாத பிள்ளையின் தலை காய்ந்து கிடக்கும் என்பது அவருக்குத் தெரியும். இருட்டு அறையில் கிடந்தவர் அல்லவா?

தஞ்சை நாட்டுக்கு எங்கும் தர்ம ராஜ்யம் என்று பெயர். அந்தப் பெயரையே தம் பதவியின் பெரிய பெருமையாகக் கருதுவதாகவும் அவர் அதில் தெரிவித்தார்.

கடிதம் வீண் போகவில்லை. சத்திரங்கள் அணையாமல் நீடித்தன. அரண்மனையின் பொறுப்பில் அன்னதானம் தொடர்ந்தது.

யார் அந்த முக்தாம்பாள்?

அந்தச் சமயத்திலேதான் ஒரத்தநாட்டுச் சத்திரம் எழுந்தது.

முக்தாம்பாள் பட்டத்து ராணி அல்ல. தாலி கட்டிய மனைவியும் அல்ல. மகாராஜாவின் அன்புக்கு உரிய பெண்மணி. இளம் வயதிலேயே இறந்து போனார். சாகும்போது, தம் பெயரால் ஓர் அன்ன சத்திரம் ஏற்பட வேண்டும் என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள்.

நகை கேட்டிருக்கலாம். தம் உறவினருக்கு நிலம் கேட்டிருக்கலாம். பசித்தவர்களுக்குச் சோறு கேட்டார்!

1802-ம் ஆண்டில் சத்திரம் ஏற்பட்டது. ஊருக்கே முக்தாம்பாள்புரம் என்று பெயர் வைத்தார் மகாராஜா. சரபோஜிக்கு யமுனா பாய், அகல்யா பாய் என்று இரண்டு ராணிகள் உண்டு. அவர்கள் இருந்தும், அரண்மனைச் சத்திரங்களில் மிகவும் புகழ் பெற்றது பட்டம் இல்லாத இந்தப் பெண்மணியின் பெயரால் அமைந்த சத்திரம்தான்.

கட்டடமும் சாதாரணமானது அல்ல. முகப்பு, தேர்போல அமைந்தது. யானைகளும் குதிரைகளும் அந்தத் தேரை இழுப்பதுபோலக் கல்லில் செதுக்கி வைத்தார்கள். உள்ளே முற்றங்கள், முற்றத்தைச் சுற்றித் தூண்கள், தூண்களுக்குப் பின்னே கூடங்கள்.

அங்கே சோறு மட்டும் போடவில்லை. பள்ளிக்கூடம் நடந்தது. வைத்தியம் நடந்தது. சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் அங்கே வந்து படித்தார்கள். அருகில் உள்ள கண்ணந்தங்குடியில் கிறிஸ்தவ ஏழைப் பிள்ளைகளுக்கும் மகாராஜா உதவி செய்தார்.

ஆனாலும் அந்தக் காலத்துச் சத்திரம் அந்தக் காலத்துச் சத்திரம்தான். எல்லாருக்கும் சோறு உண்டு; எல்லாரும் ஒரே பந்தியில் உட்காரும் வழக்கம் இல்லை. அந்தக் குறை தீர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மருந்தும் புத்தகமும்

ஆட்சி இல்லாத ராஜா பொழுதை எப்படிக் கழிப்பார்? வேட்டை, விருந்து, நாட்டியம் என்று கழித்தவர்கள் பலர். சரபோஜி படித்தார், பிறரையும் படிக்க வைத்தார்.

அரண்மனையில் தன்வந்திரி மகால் என்ற வைத்திய சாலையை நடத்தினார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கிலம் ஆகிய வைத்தியம் தெரிந்தவர்கள் அங்கே ஒன்றாக இருந்து மருந்துகளைச் சோதித்தார்கள். கைகண்ட மருந்துகளைத் தமிழில் பாட்டாகக் கட்டி வைத்தார்கள். சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் அந்த நூல்கள் இப்போது அச்சில் கிடைக்கின்றன.

கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையை, கண்ணின் படத்தை வரைந்து, நோயாளியின் விவரத்தோடு குறித்து வைத்தார்கள். இன்றைய ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குக் குறிப்பேடு வைக்கிறார்களே, அதே முறைதான்!

1805-ம் ஆண்டில் அரண்மனைக்குள் ஓர் அச்சுக்கூடம் வைத்தார். நவவித்யா கலாநிதி என்பது அதன் பெயர். ஈசாப் கதைகளை மராத்தியில் பெயர்த்து அங்கே அச்சிட்டார்கள். குழந்தைகள் படிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

நாயக்கர் காலம் முதல் இருந்து வந்த அரண்மனை ஏட்டுச் சுவடிகளோடு ஆயிரக்கணக்கான நூல்களைச் சேர்த்தார். அதுதான் சரசுவதி மகால். 1820-ம் ஆண்டில் பெரிய பரிவாரத்தோடு காசிக்குப் புறப்பட்டார். 1822-ம் ஆண்டில்தான் திரும்பினார். போன இடமெல்லாம் சுவடிகளைத் தேடி வாங்கினார். யாத்திரிகர்களுக்குச் சோறு போட்ட ராஜா, தாமும் யாத்திரிகராக நடந்த காலம் அது.

கும்பினியை அவர் பகைத்துக் கொள்ளவில்லை. பகைத்துக் கொள்ளும் பலமும் இல்லை. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட, சேதுபாவாசத்திரத்துக்குப் பக்கத்தில் கடற்கரையில் மனோரா என்ற எட்டு அடுக்குக் கோபுரத்தைக் கட்டினார். அந்நியர் வெற்றிக்கு நம் கரையில் ஒரு கோபுரம்! ராஜ்யத்தைக் கொடுத்த ராஜாவின் நிலைமை அப்படி. மனோராவைக் கட்டிய அதே கைதான் முக்தாம்பாள் சத்திரத்தையும் கட்டியது என்பதை மறக்கக் கூடாது.

1832-ம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி சரபோஜி மகாராஜா காலமானார். அவருக்கு வயது 54.

கை மாறிய சத்திரம்

பிறகு அவர் மகன் சிவாஜி பட்டத்துக்கு வந்தார். சத்திரங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. 1855-ம் ஆண்டில் அவரும் இறந்தார். ஆண் வாரிசு இல்லை. ஆண் வாரிசு இல்லாத ராஜ்யம் எங்களுக்கே என்றது கும்பினி. தஞ்சை மராட்டிய அரசு அதோடு மறைந்தது.

அரண்மனைச் சொத்துகளுக்கும் பூட்டுப் போட்டார்கள். ராணி காமாட்சி பாய் வழக்குத் தொடுத்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1859-ம் ஆண்டில், இது அரசு செய்த காரியம், இதை விசாரிக்க நீதி மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று அங்கே தள்ளிவிட்டார்கள். சொந்தச் சொத்துகளில் ஒரு பகுதி பின்னால் ராணிகளுக்குத் திரும்பக் கிடைத்தது.

சத்திரங்கள் சர்க்காரின் கைக்குப் போயின. பிறகு ஜில்லா போர்டின் கைக்கு வந்தன. ரெயில் வந்தபின் காசி யாத்திரிகர்கள் நடந்து வருவது குறைந்தது. நடுராத்திரி மணிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

சத்திரத்து நிலங்களின் வருமானம் மட்டும் வந்து கொண்டிருந்தது. அதைக் கல்விக்குத் திருப்பினார்கள். 1881-ம் ஆண்டில் திருவையாற்றில் வடமொழிக் கல்லூரி ஏற்பட்டது. ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் மாணவர்களுக்கு இலவச விடுதிகள் நடந்தன.

ஆனால் அந்த விடுதிகளில் ஒரு குறை இருந்தது. பிராமண மாணவர்களுக்கு மட்டுமே அங்கே இடம். பக்கத்து வயலில் உழுதவன் பிள்ளைக்கு இடம் இல்லை. சத்திரத்துக்கு வந்த நெல் அவன் தகப்பன் அறுத்த நெல். சோறு மட்டும் அவனுக்கு இல்லை!

கதவு திறந்தது

1924-ம் ஆண்டில் ஏ.டி. பன்னீர்செல்வம் தஞ்சை ஜில்லா போர்டின் தலைவர் ஆனார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் உமாமகேசுவரனார் அவருக்குத் துணையாக நின்றார்.

மன்னர்கள் விட்டுச் சென்ற தர்மம் யாருக்கு உரியது என்ற கேள்வியை இருவரும் எழுப்பினார்கள். கல்விக்கு என்று வைத்த பணம் ஒரு மொழிக்கும் ஒரு சாதிக்கும் மட்டும் சொந்தம் ஆகாது என்று வாதாடினார்கள்.

திருவையாற்று வடமொழிக் கல்லூரியில் தமிழும் பாடமாயிற்று. அது அரசர் கல்லூரி என்று பெயர் பெற்றது. தமிழ்ப் புலவர்கள் பலர் அங்கே படித்து வெளிவந்தார்கள்.

ஒரத்தநாட்டு விடுதியின் கதவும் எல்லா வகுப்புப் பிள்ளைகளுக்கும் திறந்தது. கும்பிடு போட்டு வெளியே நின்றவர்களின் பிள்ளைகள், யானையும் குதிரையும் இழுக்கும் அந்தக் கல் தேருக்குள் பாய் விரித்துப் படுத்தார்கள், விளக்கு வெளிச்சத்தில் பாடம் படித்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள். வழிப்போக்கர்களுக்காகக் கட்டிய சத்திரம் மாணவர்களின் வீடாயிற்று.

மிஞ்சியது என்ன?

சரபோஜி ஆண்ட கோட்டை இன்று பழைய மதில்களாகத் தெரிகிறது. அகழியின் பெரும் பகுதி தூர்ந்துவிட்டது. சிம்மாசனம் இல்லை. கும்பினியும் இல்லை, கும்பினிக்குப் பின் வந்த வெள்ளைக்கார ஆட்சியும் இல்லை.

சரசுவதி மகால் இருக்கிறது. 1918-ம் ஆண்டில் அது பொது மக்களுக்கு உரிய நூலகம் ஆயிற்று. உலகத்தின் பல பாகங்களில் இருந்தும் அறிஞர்கள் அங்கே வந்து படிக்கிறார்கள்.

ஒரத்தநாடு இருக்கிறது. முக்தாம்பாள்புரம் என்ற பெயர் பேச்சு வழக்கில் மறைந்துவிட்டது. சத்திரக் கட்டடம் காலத்தால் அடிபட்டுச் சிதைந்தது. தூண்களையும் கல் யானைகளையும் பழுது பார்த்துக் காப்பாற்றுவது இந்தத் தலைமுறையின் கடமை. ஆனால் சத்திரத்தின் வேலை ஊரை விட்டுப் போகவில்லை. ஒரத்தநாடு பள்ளிப் பிள்ளைகளின் ஊராக வளர்ந்தது. 2012-ம் ஆண்டில் அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்தது.

இந்தச் சத்திரத்துக்குச் சொந்தக்காரர்கள் பலர் வந்தார்கள். மகாராஜா வந்தார், அவர் மகன் வந்தார், கும்பினி வந்தது, ஜில்லா போர்டு வந்தது, மக்கள் ஆட்சி வந்தது. கை மாறிய ஒவ்வொரு தடவையும், இந்த அடுப்பு எரிய வேண்டுமா, யாருக்காக எரிய வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. எரிய வேண்டும் என்று 1801-ம் ஆண்டில் 23 வயது ராஜா கடிதம் எழுதினார். எல்லாருக்கும் எரிய வேண்டும் என்று நூறு ஆண்டுகளுக்குப் பின் ஜில்லா போர்டு சொன்னது.

பெரிய படைகளை நடத்திய ராஜாக்களின் பெயர்கள் எத்தனையோ மறந்து போயின. ஒரு போரும் நடத்தாத சரபோஜியை, தஞ்சைச் சீமை இன்னும் சரபோஜி மகாராஜா என்றே சொல்கிறது. பட்டம் இல்லாத ஒரு பெண்ணின் பெயரும், அவர் கேட்ட சோற்றின் காரணமாக, அந்த மகாராஜாவின் பெயரோடு சேர்ந்து நிற்கிறது.